வீட்டில இரத்தம் எடுத்த பிறகு என்ன செய்யவேணும்: ஊசி கழண்டதோட டெஸ்ட் முடியிறேல்ல

லாப்புக்குப் போய் லைன்ல நிக்காமல் வீட்டுக்கே ஆளைக் கூப்பிட்டு பிளட் டெஸ்டுக்கு இரத்தம் குடுக்கிறது இப்ப எங்கட திருகோணமலைப் பக்கமும் சாதாரணமாப் போச்சு. வயசான அம்மம்மா தாத்தாமார் இருக்கிற வீடு, பக்கவாதம் வந்து படுக்கையில இருக்கிற ஆக்கள், நிலாவெளியில இருந்தோ தம்பலகாமத்தில இருந்தோ விடியக்காலமை வெறும் வயித்தோட பஸ் ஏறி டவுனுக்கு வர ஏலாத சுகர்க்காரர் எண்டு இதால நன்மையடையிற சனம் கனக்க. நல்ல விஷயம்தான், நானும் எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு அப்பிடித்தான் எடுப்பிக்கிறன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. ஆஸ்பத்திரியில எடுத்தா பக்கத்தில மிஸ்ஸி நிப்பா, படுக்கக் கட்டில் இருக்கும், மயங்கினாலும் பார்க்க ஆள் இருக்கு. வீட்டுக்கு வாற தம்பி பிளாஸ்டர ஒட்டிட்டு அடுத்த வீட்டுக்கு மோட்டார்சைக்கிளை எடுத்திருவார், அவருக்கும் வேலை கிடக்கு, அதுக்குப் பிறகு அந்தக் கையையும் ஆளையும் பார்க்கிற பொறுப்பு முழுக்க வீட்டாக்களிட்டத்தான். அந்த முதல் அரை மணித்தியாலத்தில என்ன நடக்குது, என்ன செய்யவேணும், எதைச் செய்யக்கூடாது எண்டு தெரிஞ்சிருந்தா பாதிப் பிரச்சினை வராமலே போயிரும்.

முதல்ல ஊசி உள்ள போய் என்ன செய்யுது எண்டு பார்ப்பம். முழங்கையின்ட உள்பக்கம், கை மடிக்கிற இடத்தில தோலுக்குக் கீழ ஒரு பெரிய இரத்தக்குழாய் ஓடுது, அதுலதான் அனேகமா எடுக்கிறவை. மேல ரப்பர் பட்டி கட்டினவுடன இரத்தம் தேங்கி அந்தக் குழாய் புடைக்கும், அப்ப ஊசியை விடுவினம். ஊசியைக் கழட்டேக்க நீங்கள் பார்க்கிறது தோலில இருக்கிற ஒரு புள்ளிதான், ஆனால் ஓட்டை ரெண்டு: ஒண்டு தோலில, மற்றது அதுக்குக் கீழ குழாயின்ட சுவரில. தோலில இரத்தம் நிண்டிட்டுது எண்டாப்போல கீழயும் நிண்டிட்டுது எண்டு அர்த்தமில்லை. வெளியால ஒரு சொட்டும் வராமலே உள்ளுக்கு இரத்தம் கசிஞ்சு தோலுக்குக் கீழ பரவலாம், அதுதான் அடுத்த நாள் கையில நீலமாத் தெரியிறது.

அந்த ஓட்டையை உடம்பு அடைக்கிற விதம் அருமையானது. குழாய் முதல்ல தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பிறகு இரத்தத்தில மிதந்து திரியிற பிளேட்லெட் எண்ட சின்னத் துணுக்குகள் ஓட்டையின்ட விளிம்பில வந்து ஒட்டி, ஒண்டில ஒண்டு ஒட்டி, ஒரு அடைப்பை உண்டாக்கும். 1882இல ஜூலியோ பிட்சோசெரோ எண்ட இத்தாலி நாட்டு டொக்டர்தான் இந்தத் துணுக்குகள் இரத்தப்பெருக்க நிப்பாட்டிறதைப் பார்த்து எழுதினவர். ஆனால் அந்த முதல் அடைப்பு பலமில்லாதது, தட்டினா கழண்டுபோகும். அதுக்கு மேல ஃபைப்ரின் எண்ட ஒரு புரத நார் உண்டாகி, மீன் தப்பாமல் பிடிச்சு வச்சிருக்கிற வலை மாதிரி அந்தத் துணுக்குகளையும் சிவப்பு அணுக்களையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். இந்த வலை இறுக சில நிமிஷம் வேணும். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் நாங்கள் பஞ்சை வச்சு அமத்திறது. இந்த ஒண்டு விளங்கிச்சுது எண்டா கீழ சொல்லப்போற முக்கால்வாசி விஷயத்துக்குக் காரணம் தானா விளங்கும்.

அமத்திறது எப்பிடி எண்டதில நான் கொஞ்சம் கறாரா இருப்பன், ஏனெண்டால் கனபேர் பிழையாச் செய்யிற இடம் இதுதான். ஊசி கழண்டவுடன மற்றக் கையின்ட ரெண்டு மூண்டு விரலால பஞ்சுக்கு மேல நேரா, இறுக்கமா அமத்துங்கோ. கை நீட்டினபடி இருக்கவேணும், மடிக்கக்கூடாது. எங்கட ஆக்கள் காலாகாலமா பஞ்சை வச்சிட்டு முழங்கையை மடிச்சுத் தோளில கையை வச்சுக்கொண்டு இருப்பினம், சில இடத்தில எடுக்கிறவையே அப்பிடித்தான் சொல்லி அனுப்பினவை. மடிக்கேக்க பஞ்சு சரியா ஓட்டைக்கு மேல இருக்காது, தோல் சுருங்கி இடம் மாறிரும், பிறகு கையை நீட்டேக்க அப்பத்தான் ஒட்டியிருந்த அடைப்பு இழுபட்டுத் திரும்பக் கசியத் தொடங்கும். நீட்டி, ஒரு தலகணியில கையை வச்சு, நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் மேல உயர்த்தி அமத்தினா இன்னும் நல்லம்.

எவ்வளவு நேரம்? ஒரு வருத்தமும் இல்லாத ஆள் எண்டா 3 நிமிஷத்தில அனேகமா நிண்டிரும், ஆனால் 5 நிமிஷம் எண்டு மணிக்கூட்டைப் பார்த்து வச்சுக்கொள்ளுங்கோ. இடையில தூக்கித் தூக்கிப் பார்க்கவேண்டாம், ஒவ்வொருக்காவும் பஞ்சைத் தூக்கேக்க அடைப்பும் சேர்ந்து பிய்யும். தேய்க்கவும் வேண்டாம். ஸ்பிரிட் போட்ட பஞ்சால அமத்திறதை விடக் காஞ்ச பஞ்சு, இல்லாட்டி கோஸ் துண்டுதான் சரி, ஸ்பிரிட் எரியும், ஈரமும் நிக்கும். 5 நிமிஷம் முடிஞ்சு பார்த்து இரத்தம் வரேல்ல எண்டா பிளாஸ்டர் ஒட்டலாம். ஒரு ரெண்டு மூண்டு மணித்தியாலம் இருந்தாக் காணும், ராவு முழுக்க வச்சிருந்து எங்கட வெக்கையில வேர்த்து அரிச்சுத் தோல் சிவக்கத் தேவையில்லை. சின்னப் பிள்ளையளுக்கு, அதுவும் 2 வயசுக்குக் கீழ எண்டா, பிளாஸ்டர் ஒட்டாமல் விடுறதுதான் நல்லம், பிய்ச்சு வாயில போட்டுத் தொண்டையில சிக்கக்கூடும், அவையளுக்கு நீங்களே கூடநேரம் அமத்திப் பிடியுங்கோ. வயசு போன ஆக்களின்ட தோல் கடதாசி மாதிரி மெல்லிசா இருந்தா பிளாஸ்டரைப் பிய்க்கேக்க தோலே உரிஞ்சு வரும், அவைக்குக் கோஸ் வச்சு மெல்லமாத் துணி பாண்டேஜ் சுத்தி விடலாம், விரல் குளிர்ந்து நிறம் மாறுற அளவுக்கு இறுக்கக்கூடாது.

அண்டைக்கு முழுக்க அந்தக் கையால பாரம் தூக்கவேண்டாம். எங்கட பக்கம் இதைச் சொல்லியே ஆகவேணும், ஏனெண்டால் இரத்தம் குடுத்த உடனேயே கிணத்தில தண்ணி அள்ளுறவை, தண்ணிக் குடத்தை இடுப்பில வைக்கிறவை, அரிசி மூட்டையை இறக்கிறவை, கரைவலை இழுக்கப் போறவை எல்லாம் இருக்கினம். வலை இழுக்கேக்க கையில வாற அழுத்தத்துக்கு அந்தக் காலமை உண்டான அடைப்புத் தாங்காது. முடிஞ்சா தொழில் இல்லாத நாளாப் பார்த்து டெஸ்டை வையுங்கோ. சமைக்கிறது, எழுதிறது, ஃபோன் பாக்கிறது ஒண்டுக்கும் தடையில்லை. அதே கையில குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிறதும் ரப்பர் பட்டி மாதிரி அமத்திற இறுக்கமான சட்டை போடுறதும் கொஞ்ச நேரத்துக்கு வேண்டாம்.

குளிக்கிறது பற்றிக் கனபேர் கேக்கிறவை. சாதாரணமாக் குளிக்கலாம், ஒரு சில மணித்தியாலம் போக. ஆனால் நல்ல சுடுதண்ணி உடன வேண்டாம், சூடு பட்டா இரத்தக்குழாய் விரியும், கசிவு கூடும், தலைசுத்தும் வரும். அதனால இரத்தம் குடுத்திட்டு அதே நாள் கன்னியா வெந்நீரூற்றுக்குக் குளிக்கப் போற பிளான் இருந்தா அடுத்த நாளைக்கு மாத்துங்கோ. உப்புவெளியில கடல் குளிக்கிறதும் அப்பிடித்தான், புள்ளி மூடி ஆறட்டும்.

இனிக் கண்டிப்போறது. எவ்வளவு கவனமா எடுத்தாலும் சிலருக்கு நீலம் பாரிக்கத்தான் செய்யும், அதுவும் இரத்தக்குழாய் கிடைக்காமல் ரெண்டு மூண்டு தரம் குத்தினா. இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உள்ளுக்குக் கசிஞ்ச இரத்தத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுக்கும், அந்த உடையிறதுதான் நிறமாத் தெரியிறது: முதல் சிவப்பு, பிறகு நீலம் கத்தரிப்பூ நிறம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள், கடைசியா மங்கின மண்ணிறம். ஹீமோகுளோபின் உடைஞ்சு பிலிவெர்டின் எண்ட பச்சைப் பொருளாகி, அது பிலிரூபின் எண்ட மஞ்சள் பொருளாகிறதால வாற நிறங்கள்தான் அவை, செங்கமாரியில கண்ணை மஞ்சளாக்கிறதும் இதே பிலிரூபின்தான். ஒண்டு ரெண்டு கிழமையில மறைஞ்சுபோகும். நீலம் முழங்கையில இருந்து கீழ மணிக்கட்டுப் பக்கம் இறங்குதே எண்டு சிலர் பதறுவினம், அது இரத்தம் கீழ்நோக்கி ஊறுறது மட்டும்தான். முதல் 24 மணித்தியாலத்துக்கு ஐஸைத் துணியில சுத்தி 10, 15 நிமிஷம் வச்சு எடுங்கோ, தோலில நேரா ஐஸ் வைக்கக்கூடாது. ரெண்டாம் மூண்டாம் நாளில இருந்து வெதுவெதுப்பா ஒத்தடம் குடுக்கலாம். எண்ணெய் போட்டு உருவி விடுறதை மட்டும் தயவுசெய்து செய்யாதேங்கோ. நோவெண்டா உருவி விட்டாச் சரி எண்டு எங்கட வீடுகளில நம்பிக்கை, ஆனால் இங்க உருவினா மூடின ஓட்டை திரும்பத் திறக்கும். நோவுக்கு ஒரு பனடோல் காணும்.

எவ்வளவு இரத்தம் போச்சுது எண்ட கவலையும் கனபேருக்கு. மூண்டு நாலு போத்தலைப் பார்த்தாப் பயமாத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொண்டிலயும் 2 மில்லிலீட்டரில இருந்து 5 மில்லிலீட்டர் அளவில்தான் போகும், மொத்தமாப் பார்த்தா 10, 15 மில்லிலீட்டர், ரெண்டு மூண்டு தேக்கரண்டி. வளர்ந்த ஆளின்ட உடம்பில கிட்டத்தட்ட 5 லீட்டர் இரத்தம் ஓடுது. இரத்ததானத்தில 450 மில்லிலீட்டர் அளவில எடுத்தும் சனம் அண்டைக்கே வீட்ட போகுது. எலும்பு மச்சை ஒவ்வொரு செக்கனுக்கும் 20 லட்சம் அளவில புது சிவப்பு அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கு. அதனால ஒரு டெஸ்டுக்காக பீற்றூட் ஜூஸ், சத்துமா, இரும்புக் குளிசை எண்டு வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. வழமையாச் சாப்பிடுங்கோ, தண்ணி கொஞ்சம் கூடக் குடியுங்கோ, அது காணும். டெஸ்டில உண்மையிலேயே இரத்தம் குறைவு எண்டு வந்தாத்தான் அது வேற கதை, அப்ப காரணம் என்னெண்டு டொக்டர் பார்க்கவேணும்.

கைக்குப் பிறகு, ஆளைப் பார்க்கிறது. வீட்டில நடக்கிற உண்மையான ஆபத்து ஓட்டையால வாறதை விட விழுறதாலதான் வரும். ஊசியையோ இரத்தத்தையோ கண்டு மயங்கிறது பலவீனமும் இல்லை பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை, வாட்டசாட்டமான பெடியன்மாருக்கும் நடக்கும். நடக்கிறது என்னெண்டா வேகஸ் எண்ட நரம்பு திடீரெண்டு கூட வேலை செய்து இதயத்துடிப்பைக் குறைக்கும், இரத்தக்குழாய்கள் தளரும், பிறஷர் இறங்கி மூளைக்குப் போற இரத்தம் கொஞ்ச நேரம் குறையும். வர முந்தி உடம்பு சொல்லும்: முகம் வெளிறும், குளிர்ந்து வேர்க்கும், கொட்டாவி வரும், வயித்தைப் பிரட்டும், காது இரையும், கண் இருட்டும். இதில ஒண்டைக் கண்டாலும் கதிரையில வச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்காமல் உடன நிலத்தில படுக்க வச்சு ரெண்டு காலையும் தலகணியில உயர்த்துங்கோ. கர்ப்பிணிப் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வையுங்கோ. கனதரம் ஒரு நிமிஷத்துக்குள்ள முழிப்பினம். முழிச்சவுடன எழுப்பி இருத்தவேண்டாம், 10, 15 நிமிஷம் படுத்தே இருக்கட்டும், பிறகு இருக்கட்டும், பிறகு நிக்கட்டும்.

மயங்கேக்க கை கால் ரெண்டு மூண்டு தரம் வெட்டி இழுக்கலாம், அது வலிப்பு மாதிரித் தெரியும், ஆனால் மூளைக்கு இரத்தம் குறைஞ்சதால வாற சின்ன அசைவு. கையில திறப்புக் கோர்வையையோ கத்தியையோ திணிக்கிறது, வாயைப் பிளந்து தண்ணி ஊத்திறது, நாலு பேர் சுத்தி நிண்டு காத்தை மறைக்கிறது எல்லாத்தையும் விட்டிட்டு ஆளைப் பக்கவாட்டில திருப்பி விடுங்கோ. தண்ணி வாயில ஊத்தினா நுரையீரலுக்குள்ள போகும். ஒரு நிமிஷத்துக்கு மேலயும் முழிக்கேல்ல, நெஞ்சு நோ, மூச்செடுக்கக் கஷ்டம், விழேக்க தலை அடிபட்டது எண்டா 1990க்கு அடியுங்கோ. சுவசரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. தலையில அடிபட்டவர் வாஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் வைக்கிற குளிசை குடிக்கிற ஆள் எண்டா நல்லாக் கதைச்சாலும் சிரிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும்.

அதனால இரத்தம் எடுத்து முடிய ஒரு 15 நிமிஷம் அந்த இடத்திலயே இருங்கோ, ஆள் ஒண்டு பக்கத்தில இருக்கட்டும். தனியா இருக்கிற வயசானவை எண்டா பக்கத்து வீட்டாக்களை முன்னமே வரச்சொல்லி வையுங்கோ. எழும்பி நேரா டொய்லெட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டுறது கூடாது, கதவுக்கு உள்பக்கம் விழுந்தா தூக்கிறதே பெரும்பாடு. மோட்டார்சைக்கிள், சைக்கிள் ஓட்டுறதும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

எங்கட ஊர் வெயில் இதில சேருது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காலமை எட்டு மணிக்கே உடம்பு காஞ்சு கிடக்கும், அதோட ராவில இருந்து ஒண்டும் குடிக்காமல் வந்தா இரத்தக்குழாயும் கிடைக்காது, மயக்கமும் கெதியா வரும். சாப்பிடாமல் குடுக்கிற டெஸ்ட் எண்டாலும் வெறும் தண்ணி குடிக்கலாம், குடிக்கத்தான் வேணும். தேத்தண்ணி, பால், இளநி, சீனி போட்டது எதுவும்தான் கூடாது. சுகர் டெஸ்டுக்கு 8 மணித்தியாலமும் கொலஸ்ட்ரோலுக்கு 9 இல இருந்து 12 மணித்தியாலமும் காணும், ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டிட்டு அடுத்த நாள் பத்து மணி மட்டும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. வாற ஆளை ஆறு, ஏழு மணிக்கு வரச்சொல்லுங்கோ.

சுகர்க்காரருக்கு இதில ஒரு தனி ஆபத்து. சாப்பிடாமல் இருக்கேக்க வழமை மாதிரி காலமை இன்சுலினையோ கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையையோ போட்டா சுகர் கடகடவெண்டு இறங்கிரும். அனேகமா இரத்தம் குடுத்து, சாப்பாடு முன்னுக்கு வந்த பிறகுதான் போடச்சொல்லுவினம், ஆனால் உங்கட டோஸைப் பற்றி டொக்டரிட்ட முதல் நாளே கேட்டு வையுங்கோ. பிறஷர் குளிசையைப் பொதுவாத் தண்ணியோட குடிக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்து, கதை குளறினா அது மயக்கம் மட்டும் எண்டு விடாதேங்கோ, மெஷின் இருந்தா விரலில குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழ எண்டா, இல்லாட்டி மெஷினே இல்லை எண்டாலும், விழுங்கக்கூடிய நிலையில இருந்தா 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சு உடன குடுங்கோ. 15 நிமிஷத்தில திரும்பப் பாருங்கோ, ஏறேல்ல எண்டா இன்னொருக்கா, ஏறினாப் பிறகு புட்டோ பாணோ சாப்பிடக் குடுங்கோ. நினைவில்லாத ஆளின்ட வாயில ஒண்டும் வைக்கக்கூடாது, 1990தான்.

முடிஞ்சவுடன சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறதில ஒரு விதிவிலக்கு இருக்கு. கர்ப்பிணிகளுக்குச் சுகர் இருக்கா எண்டு பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் குடுத்து, குடிக்க முந்தி ஒருக்கா, 1 மணித்தியாலத்தில ஒருக்கா, 2 மணித்தியாலத்தில ஒருக்கா எண்டு எடுப்பினம். கடைசி ஊசி முடியுமட்டும் சாப்பிடவும் கூடாது, நடந்து திரியவும் கூடாது, சத்தி வந்தாச் சொல்லவேணும். இதை வீட்டில செய்யிறதை விட ஆள் இருக்கிற இடத்தில செய்யிறது நல்லம் எண்டது என்ட எண்ணம்.

இரத்தம் உறையிறதைக் குறைக்கிற மருந்து எடுக்கிற ஆக்களுக்கு மேல சொன்ன 5 நிமிஷக் கணக்கு காணாது. அஸ்பிரின், குளோபிடோகிரெல், வாஃபரின் எதுவா இருந்தாலும் 10 நிமிஷம் அமத்துங்கோ, பிறகும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிளாஸ்டரைப் பாருங்கோ. டெஸ்டுக்காக அந்த மருந்தை நீங்களா நிப்பாட்டக்கூடாது, இதயத்துக்கு வால்வ் போட்டவர் ரெண்டு நாள் வாஃபரினை விட்டா வாற ஆபத்து கையில வாற நீலத்தை விட எத்தனையோ மடங்கு பெரிசு. இன்னொண்டு: வாஃபரின் குடிக்கிற ஆளுக்கு, இரத்தம் எடுத்தது பாவம் எண்டு சொல்லி அடுத்த ரெண்டு மூண்டு நாள் முருங்கையிலை, வல்லாரை, கீரை எண்டு அன்பாச் சமைச்சுக் குடுக்கிற வீடுகள் இருக்கு. பச்சை இலைகளில விற்றமின் கே கூட, வாஃபரின் வேலை செய்யிறதே அந்த விற்றமினுக்கு எதிராத்தான். கீரையை விடவேண்டாம், வழமையா எவ்வளவு சாப்பிடுறவரோ அதே அளவு, திடீரெண்டு கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

டெங்குக் காய்ச்சலுக்கு எடுத்த இரத்தம் எண்டா இன்னும் கவனம். 2017இல கிண்ணியாப் பக்கம் டெங்கு எப்பிடிப் பரவினது எண்டு எங்களுக்கு மறக்காது, அந்த வருஷம் இலங்கை முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல ஆக்களுக்கு வந்தது. டெங்குவில பிளேட்லெட் இறங்கும், சாதாரணமா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கவேண்டியது சில நேரம் 20 ஆயிரம் 30 ஆயிரம் எண்டு போகும், முதல் அடைப்பைப் போடுற ஆளே குறைஞ்சுபோனா ஓட்டை மூட நேரம் எடுக்கத்தானே செய்யும். நாளுக்கு ஒருக்கா ரெண்டு தரம் எடுப்பினம், அதனால கை மாத்தி மாத்திக் குடுத்து, ஒவ்வொருக்காவும் 10 நிமிஷம் அமத்துங்கோ. நோவுக்கும் காய்ச்சலுக்கும் பனடோல் மட்டும்தான், அதுவும் டொக்டர் சொன்ன அளவில. அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் ஒண்டும் வேண்டாம். முரசால இரத்தம், கறுப்பா மலம், விடாத வயித்துநோ, விடாத சத்தி எண்டு வந்தா டெஸ்ட் ரிப்போட் வருமட்டும் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. காய்ச்சல் விட்ட நாள்தான் டெங்குவில ஆபத்தான நாள், காய்ச்சல் இல்லை எண்டு ஆறுதலாகிறவைதான் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப்போறவை.

எதைக் கண்டா வைத்தியம் தேடவேணும்? 15, 20 நிமிஷம் விடாமல் அமத்தியும் இரத்தம் நிக்கேல்ல எண்டா. வீக்கம் கண்ணுக்கு முன்னாலயே கட்டியாப் பெருத்துக்கொண்டு போனா. ஊசி கழட்டேக்க இரத்தம் பளிச்சுச் சிவப்பா, துடிச்சுத் துடிச்சு வந்தா அது நாடிக் குழாயில பட்டிருக்கலாம், 10 நிமிஷத்துக்கு மேல நல்லா இறுக்கி அமத்திப் பிடிச்சு, எடுத்தவரைப் போகவிடாமல் நிப்பாட்டிக் காட்டுங்கோ. ஊசி குத்தேக்க கரண்ட் அடிச்ச மாதிரி விரல் நுனி வரைக்கும் ஓடினா உடனே வாயைத் திறந்து சொல்லுங்கோ, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறது வீரமில்லை, நரம்பில பட்டிருக்கும், ஊசியைக் கழட்டத்தான் வேணும். அந்த விறைப்பு கொஞ்ச நாளில அனேகமா மாறும், ஆனால் விரல் மரத்துப்போய் இருந்தாலோ பிடிக்கிற பலம் குறைஞ்சாலோ டொக்டரிட்டக் காட்டுங்கோ. ரெண்டு மூண்டு நாள் கழிச்சு அந்த இடம் சிவந்து சூடாகி, சிவப்பு பரவி, சீழ் வச்சு, காய்ச்சல் வந்தா அது கிருமி. இது எல்லாம் அடிக்கடி நடக்கிறதில்லை.

வீட்டில எடுக்கிறதில இன்னொரு பொறுப்பும் வருது, அது ஊசி. பாவிச்ச ஊசியைக் கொண்டுவந்தவரே கெட்டிப் பெட்டிக்குள்ள போட்டு எடுத்துக்கொண்டு போகவேணும், போட்டாரா எண்டு பாருங்கோ. வீட்டுக் குப்பையிலயோ வளவு மூலையிலயோ விடக்கூடாது, குப்பை அள்ள வாற ஆளின்ட கையிலயும் வெறுங்காலோட விளையாடுற பிள்ளையின்ட காலிலயும்தான் அது போய்க் குத்தும். நீங்களே விரலில குத்திச் சுகர் பார்க்கிறவை எண்டா கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒண்டில அந்தக் குட்டி ஊசிகளைச் சேர்த்து, நிரம்ப முந்தியே ஆஸ்பத்திரியிலயோ கிளினிக்கிலயோ குடுங்கோ. ஊசிக்குத் திரும்ப மூடி போட முயற்சிக்காதேங்கோ, கனபேருக்குக் கையில ஏறுறது அப்பத்தான். ஆற்றையோ ஊசி குத்திட்டுது எண்டா பிதுக்காமல், வாயால உறிஞ்சாமல், ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து தேவைப்பட்டா 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், கெதியா எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லம்.

விரலில குத்திற மெஷினை வீட்டில ஆளாளுக்கு மாத்திப் பாவிக்கிறதும் நடக்குது, அப்பாவுக்குப் பார்த்த கையோட மாமாவுக்கும் ஒருக்காப் பார்ப்பம் எண்டு. ஊசி ஒருத்தருக்கு ஒண்டு, ஒரு தரத்துக்கு ஒண்டு. குத்திற பேனாவும் ஒரு ஆளுக்குத்தான், ஊசியை மாத்தினாலும் பேனாவை மாத்திப் பாவிக்கக்கூடாது, ஹெபடைடிஸ் பி வைரஸ் காஞ்ச இரத்தத்தில ஒரு கிழமையாவது உயிரோட கிடக்கும். விரல் நுனியின்ட நடுவில குத்தாமல் பக்கவாட்டில குத்தினா நோவு குறைவு. குத்த முந்தி கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கோ, மாம்பழம் வெட்டின கையோட குத்தினா மெஷின் காட்டுற சுகர் விரலில இருந்த சுகர்தான். ஸ்ட்ரிப் டப்பாவை ஜன்னலுக்குப் பக்கத்தில, குசினியில வைக்காதேங்கோ, எங்கட வெக்கையும் கடல் ஈரமும் அதைக் கெடுத்திரும்.

எடுத்த இரத்தத்துக்கும் வெயில் ஆகாது. ஆள் போக முந்தி போத்தலில உங்கட பேர் சரியா எழுதியிருக்கா எண்டு உங்களுக்கு முன்னால பாருங்கோ, ஒரே வீட்டில ரெண்டு பேருக்கு எடுத்தா கட்டாயம் பாருங்கோ. சுகருக்கு எடுக்கிறது சாம்பல் மூடிப் போத்தலில போகும், அதுல சோடியம் ஃபுளோரைட் இருக்கு. அது இல்லாட்டி போத்தலுக்குள்ளயே அணுக்கள் சுகரைத் திண்டு மணித்தியாலத்துக்கு 5 வீதத்துக்கு மேல குறைச்சிரும், வெக்கையில இன்னும் கூட. குலுக்கி அடிச்சா அணுக்கள் உடைஞ்சு பொட்டாசியம் கூடக் காட்டும், மெல்லமாத் திருப்பித் திருப்பித்தான் கலக்கவேணும். இதெல்லாம் பிழைச்சா திரும்ப ஒருக்கா ஊசி.

அடுத்தமுறை வாற ஆளுக்குச் சட்டையின்ட கையைச் சுருட்ட முந்தியே சில விஷயம் சொல்லி வையுங்கோ: முந்தி மயங்கின ஆள் எண்டா படுக்க வச்சு எடுக்கச் சொல்லுங்கோ, இரத்தம் உறையாமல் மருந்து குடிக்கிறதைச் சொல்லுங்கோ, மார்பு ஒப்பரேஷன் செய்து கக்கத்தில நெறிக்கட்டி எடுத்த பக்கக் கை எண்டா மற்றக் கையைக் குடுங்கோ, டயலிசிஸுக்கு ஃபிஸ்துலா போட்ட கை, அதாவது இரத்தம் சுத்தம் செய்யிறதுக்காக ஒப்பரேஷனில ரெண்டு இரத்தக்குழாயைச் சேர்த்துவிட்ட கை எண்டா அதுல ரப்பர் பட்டி கட்டவே விடாதேங்கோ. போன தரம் எந்தக் கையில, எந்த இடத்தில கெதியாக் கிடைச்சது எண்டதையும் ஒரு கொப்பியில எழுதி வச்சாக் காட்டலாம்.